சட்னி அரைத்த பிறகும் ஓடிய மிக்ஸி

என் ஆசை அம்மாவுக்கு,

ஆசை என்று எழுதிவிட்டேன், ஆனால் இது கோபத்தில் எழுதுகிற கடிதம். இரண்டும் ஒன்றாக எப்படி இருக்கும் என்று கேட்காதே. உன் பழைய நைட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. ராத்திரி அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். காலையில் எழுந்ததும் உன்னைத் திட்டுகிறேன்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்துக்குப் போக நான் ஏற வேண்டிய விமானம் என்னை ஏற்றாமலே போய்விட்டது. உன் மகன் டேவிட்டின் நெற்றியில் தையல் போட்டிருக்கிறார்கள். அந்தக் காயம் என் உபயம். ரேவதி அண்ணியின் இடது கை மாவுக்கட்டில் தொங்குகிறது. அது அவன் உபயம். அப்பா, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் பார்க்க என்னைக் கன்னத்தில் அறைந்தார். நல்ல குடும்பம் நம்முடையது.

எல்லாம் ஒரே நாளில் நடந்தது. ஊருக்குப் போவதற்கு முன்னால் கடற்கரையில் கொஞ்சம் ஓய்வாக இருந்துவிட்டு வரலாம் என்று போனோமே, அதன் கடைசி நாளில்.

நீ போன பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது இல்லையா, அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன். பொத்தேரிப் பக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்தேன். முதல் தடவை ஊத்திக்கொண்டது, இரண்டாம் தடவை பாஸ். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. நம் தெருவிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிற முதல் பெண் என்று ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் மைக்கில் சொன்னார். அப்பா எழுந்து நின்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். வயலில் கூலி வேலை பார்த்தவரின் மகன் அவர். பேத்தி விமானம் ஏறப் போகிறாள். அந்தக் கும்பிடு பொய்யில்லை. அதுதான் என்னை இன்னும் படுத்துகிறது.

நம் புதுப்பட்டினத்து வீட்டைப் பூட்டிவிட்டு அப்பா இப்போது கேளம்பாக்கத்தில் அண்ணனின் ஃப்ளாட்டில் இருக்கிறார். அண்ணனுக்கு என்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. "நீ போறதுக்கு முன்னாடி எல்லாரும் ஜாலியா இருந்துட்டு வரலாம்மா" என்று மாமல்லபுரத்துக்கு வடக்கே, தேவனேரிக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தான். மாடியில் ஊஞ்சல், கீழே சமையலறை, வாசலில் சவுக்கு மரங்கள். அந்த வீட்டைப் பெருக்கித் துடைக்க, மீன் வாங்கிச் சுத்தம் செய்து தர, குமுதா என்று ஒரு அம்மா. பக்கத்துக் குப்பத்துக்காரர்.

நன்றாகத்தான் இருந்தது அம்மா. பொய் சொல்லக் கூடாது. காலையில் படகு வந்ததும் அண்ணனே போய் சங்கராவும் இறாலும் வாங்கி வந்தான். அப்பா பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியை அலை வந்து தொடுகிற இடத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார். மூட்டுவலிக்கு உப்புத் தண்ணீர் நல்லதாம். நானும் அண்ணியும் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினோம். ஒரு அலை அடித்து அண்ணி மல்லாந்து விழுந்தாள், எழுந்தாள், மூக்கிலும் வாயிலும் தண்ணீர், அப்படிச் சிரித்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் பல் தெரியச் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கரையில் நின்ற அண்ணனும் சிரித்தான். நான் அதை நம்பினேன்.

கடைசி நாள் விடிந்தது. மறுநாள் விடியற்காலையில் விமானம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு கேளம்பாக்கம் போய், அங்கிருந்து ஏர்போர்ட் என்று திட்டம். காலையில் அப்பா என்னை முட்டி போடச் சொல்லி, தலைமேல் கை வைத்து ஜெபம் செய்தார். நீண்ட ஜெபம். என் பயணத்துக்காக, என் வேலைக்காக, நம் வீட்டின் சமாதானத்துக்காக. சமாதானம் என்ற வார்த்தையை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லோரும் ஆமென் சொன்னோம்.

ஜெபம் முடிந்ததும் இட்லி. தேங்காய்ச் சட்னி ஒரு கிண்ணம் நிறைய மேஜையில் இருந்தது. அண்ணி சட்னி அரைத்து, தாளித்துக் கொட்டி, கொண்டுவந்து வைத்துவிட்டிருந்தாள். அண்ணன் என் பெட்டியை ஹாலில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தான். எடை கூடுதலாகக் காட்டியது. ஜிப்பைத் திறந்தான். துணிகளுக்கு அடியில், நியூஸ்பேப்பரில் சுற்றி, அதன்மேல் கவர்மேல் கவராகப் போட்டு ஒரு பொட்டலம். நெத்திலிக் கருவாடு.

அண்ணிதான் வைத்திருந்தாள். எனக்குப் பிடிக்கும் என்று குமுதா அம்மாவிடம் சொல்லி வாங்கியிருந்தாள். குளிர் நாட்டில் ரசம் சோறுக்கு இது இருந்தால் போதும் என்று முந்தின நாள் அவள் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். எவ்வளவு சின்ன ரகசியம்!

உனக்குத் தெரியுமா, உன் மகன் தன் ஃப்ளாட்டில் கருவாடு வறுக்க விடுவதில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்துவார்களாம். கருவாடு வாசம் வந்தால் நாம் யார், எந்தத் தெரு என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுமாம். எதிர்வீட்டுக்காரன் முகம் சுளித்ததற்கு அவனிடம் போய்ச் சண்டை போடத் துப்பில்லை. அந்த அவமானம் முழுவதையும் கொண்டுவந்து அவன் இறக்கி வைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்.

அவன் கத்தவில்லை. பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "ரேவதி, ஒரு நிமிஷம் உள்ள வாம்மா" என்றான். அவ்வளவு இனிமையாகச் சொன்னான். இரண்டு பேரும் சமையலறைக்குள் போனார்கள். கதவு மூடியது. மிக்ஸி ஓட ஆரம்பித்தது.

நான் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தேன். வாய்க்குக் கொண்டு போகிறபோது கை அப்படியே நின்றது. சட்னி இதோ என் தட்டில் இருக்கிறது. அப்படியானால் உள்ளே எதை அரைக்கிறார்கள்?

அம்மா, வெறும் ஜார் ஓடினால் காதைக் கிழிக்கிற ஒரு கீச்சுச் சத்தம் வரும். உள்ளே தேங்காயோ மிளகாயோ இருந்தால் அது அடங்கி, கனத்து வரும். இந்த வித்தியாசம் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. உன் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நம் தெருவிலேயே முதல் மிக்ஸி நம்முடையது. அப்பா அணுமின் பிளாண்டில் வேலைக்குச் சேர்ந்து வாங்கிய முதல் பொருள். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். "லூர்தம்மா வூட்ல எப்பப் பாத்தாலும் மிக்ஸி ஓடிக்கினே கீதுப்பா, தெனம் விருந்து போல" என்று பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் சொல்வாள். நீ சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவாய். புடவையை இழுத்து முதுகை மூடிக்கொண்டு வருவாய். அந்த அரைப்பில் ஒரு நாளும் நமக்கு ஒரு துவையல் வந்ததில்லை.

என் எதிரே உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சாப்புடு, ஆறிடப் போவுது" என்றார். அவருக்கும் அந்தச் சத்தம் தெரியும். அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன். அண்ணன் அவளுடைய இடது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி, முகத்தைச் சமையல் மேடைமேல் அழுத்திப் பிடித்திருந்தான். கருவாட்டுப் பொட்டலம் கிழிந்து கிடந்தது. அதை அள்ளி அள்ளி அவள் வாயில் திணித்துக்கொண்டிருந்தான். "துன்னு. துன்னுடி. ஏர்போர்ட்டு பூரா நாறணும்னு தான வச்சே? நீயே துன்னு." நெத்திலி முள் குத்தி அவள் உதட்டிலிருந்து ரத்தம் மேடையில் வழிந்துகொண்டிருந்தது.

அம்மா, அவளுடைய வலது கை எங்கே இருந்தது தெரியுமா? மிக்ஸி ஜாரின் மூடிமேல். இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒன்றுமில்லாத ஜாரை, சிந்திவிடப் போகிறது என்பதுபோல.

நான் சுவிட்சை அணைத்தேன். சத்தம் நின்றதும் 'மடக்' என்று ஒன்று கேட்டது. நான் நர்ஸ் அம்மா, எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அவள் முன்கை எலும்பு.

அண்ணி அலறவில்லை. வாய் நிறையக் கருவாட்டோடு என்னைப் பார்த்துச் சொன்னாள். "ஸ்டெல்லா, போடு. மிக்ஸியப் போடு. வெளிய கேக்கும்."

எனக்கு அதற்குமேல் நிதானம் இல்லை. ஜாரைப் பிடுங்கினேன். எவர்சில்வர் ஜார், நல்ல கனம். அண்ணன் திரும்பி, "நீ போ, இது எங்க மேட்டரு" என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் நெற்றியில் இறக்கினேன். தோல் பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. இன்னொன்று வைத்தேன், அது தோளில் பட்டது. அவன் என் முடியைப் பிடித்து இழுத்துத் தலையைக் கதவு நிலையில் மோதினான். கண்ணில் பூச்சி பறந்தது. அவன் கட்டைவிரல் என் வாய்க்குப் பக்கத்தில் வந்தது, கடித்தேன். விடாமல் கடித்தேன். அவன் ஊளையிட்டான். இதெல்லாம் உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. நீ ஒரு தடவையாவது கடித்திருக்கலாம்.

"இன்னாய்யா நடக்குது இங்க?" பின்வாசலில் குமுதா அம்மா நின்றார். கையில் மீன் வெட்டுகிற கத்தி, புறங்கையெல்லாம் செதில்.

"குடும்ப மேட்டரு. நீ போம்மா" என்றான் அண்ணன், நெற்றியைப் பொத்திக்கொண்டு.

"குடும்பமா? கசாப்புக் கடை மாதிரி கீது. ரெண்டு நாளா அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்துக்கினுதான் கீறேன். இன்னொரு தபா அதும் மேல கை வச்சே, குப்பத்தையே கூட்டியாந்துடுவேன், பாத்துக்கோ." அவர் நேராக உள்ளே வந்து அண்ணியைத் தரையில் உட்கார வைத்தார். வாயில் விரலை விட்டு அத்தனை மீனையும் வெளியே எடுத்தார். பிறகு தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டார்.

அப்பா அதற்குள் எழுந்து வந்திருந்தார். முதல் வேலையாக வாசல் கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னலை. மகன் நெற்றிக்கு ஒரு துண்டு கொடுத்தார். மருமகள் பக்கம் திரும்பவில்லை. என்னிடம் வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார். "நாளைக்கு நீ ஏறிப் பூடுவே. அப்பறம் அவ எங்ககூடத்தான கீறா? யோசிச்சி நடந்துக்கோ."

அண்ணனும் சேர்ந்துகொண்டான். "ஸ்டேஷன் கீஷன்னு போனே, நானும் கம்ப்ளெயின்ட் குடுப்பேன். என் மண்டைய ஒடச்சது நீ. எப்பிடி ஃப்ளைட்டு ஏறுறேன்னு பாக்கறேன்."

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். அதுதான் என்னைக் கொன்றது. நான் ஏறினால் அண்ணி அந்த ஃப்ளாட்டில், இந்த இரண்டு ஆம்பளைகளுக்கு நடுவில், ஒரு கையோடு. நான் ஏறாவிட்டால், எனக்கென்று நான் கட்டிய ஒரே வாழ்க்கை போகிறது. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எனக்குத் தெரியும், கிளம்பு என்றுதான் சொல்லியிருப்பாய். நான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருப்பாய். நீ அவளைப் பார்த்துக்கொண்ட லட்சணம் அடுத்த ஒரு மணி நேரத்தில் எனக்குத் தெரியவந்தது.

மாமல்லபுரம் ஆஸ்பத்திரியில் அண்ணியின் கையைப் பார்த்துவிட்டு, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் தன் தையலுக்கு வேறு கிளினிக்குக்குப் போனான். குமுதா அம்மா பிடித்துக் கொடுத்த ஆட்டோவில் நாங்கள் பின்னால். அப்பா டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார். பெரியவன் ஒருத்தன் கூட இருக்க வேண்டுமாம். திருக்கழுக்குன்றம் தாண்டி ரோடு குலுக்கிய குலுக்கலில் அண்ணி ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்தாள். எலும்பு அசையாமல் இருக்க, ஒரு பத்திரிகையைச் சுருட்டி வைத்து அவள் கையில் கட்டியிருந்தேன்.

எஞ்சின் சத்தத்தில் அப்பாவுக்குக் கேட்காது என்று தெரிந்ததும் மெதுவாகக் கேட்டேன். "மிக்ஸியப் போடுறதுக்கு யாரு அண்ணி உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க? அண்ணனா?"

"இல்ல. அத்தை."

எனக்கு முதலில் புரியவில்லை. எந்த அத்தை என்று கேட்டேன்.

"உங்கம்மாதான். கல்யாணமான புதுசுல புதுப்பட்டினம் வீட்லதான இருந்தோம். மொத தடவை அவரு அடிச்சப்ப நான் கத்திட்டேன். தெருவே எட்டிப் பாத்துச்சு. மறுநா அத்தை என்னை உக்கார வச்சுத் தலைக்கு எண்ணெ தேச்சு விட்டாங்க. பாசமாத்தான் சொன்னாங்க ஸ்டெல்லா. 'கத்தாத கண்ணு, மானம் பூடும். மிக்ஸியப் போட்டுட்டு மூடிய இறுக்கிப் புடிச்சிக்கோ. கையில ஏதாச்சும் புடிமானம் இருந்தா வலி அவ்ளோ தெரியாது'ன்னு."

அம்மா. அம்மா. உனக்கு என்ன ஆயிற்று?

மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று எனக்கு நீ சொல்லிக் கொடுத்ததில்லை. படிக்கிற பெண் என்று சமையலறைப் பக்கமே விடவில்லை. வீட்டுக்கு வந்த மருமகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். உன் மகனின் கையைப் பிடித்து நிறுத்தாமல், அவளுடைய கைக்கு ஒரு பிடிமானம் காட்டியிருக்கிறாய். ஆட்டோவை நிறுத்தி இறங்கி ரோட்டோரமாக வாந்தி எடுத்தேன். அப்பா, "வெயிலு" என்றார்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். சின்ன வயதுதான். அண்ணியின் உதட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கழுத்தில் இருந்த விரல் தடத்தைப் பார்த்தார். "எப்படி அடிபட்டுது?" என்று கேட்டார்.

அண்ணி வாயைத் திறப்பதற்குள் அப்பா முன்னால் வந்தார். தாடையைத் தடவிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு நல்ல மாமனாரின் கவலையோடு சொன்னார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா டாக்டர். சோப்புத் தண்ணி."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

இந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். நீ படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில். டியூட்டி உடுப்போடு பொத்தேரியிலிருந்து ஓடி வந்தபோது உன் தலையில் கட்டு, மூக்கில் குழாய், வீங்கி மூடிய கண். டாக்டர் கேட்டார், எப்படி அடிபட்டது என்று. இதே கை தாடையைத் தடவியது. இதே கண்கள் தாழ்ந்தன. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா டாக்டர். சோப்புத் தண்ணி." ஒரு எழுத்து மாறவில்லை. நீ கண்ணைத் திறக்காமலே போய்விட்டாய். நாங்கள் எல்லோரும் வந்தவர்களுக்கெல்லாம் அந்த வாக்கியத்தையே சொல்லி அழுதோம். கல்லறைத் தோட்டத்திலும் அதையேதான் சொன்னோம்.

நீ வழுக்கி விழுந்தாயா அம்மா?

நான் அப்படியே நின்றுவிட்டேன். பேசியது அண்ணி. உதடு கிழிந்திருந்ததால் வார்த்தை குழறியது, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"சோப்புத் தண்ணி இல்ல டாக்டர். என் புருஷன் கையை முறுக்கி ஒடச்சாரு. வாயில கருவாட்டத் திணிச்சாரு. இவரு வெளிய உக்காந்து இட்லி சாப்பிட்டாரு."

டாக்டர் அப்பாவை வெளியே போகச் சொன்னார். அவர் நகரவில்லை. "இதை நான் போலீஸுக்குச் சொல்லியாகணும்மா. நீங்க இதையே அங்கயும் சொல்வீங்களா?" என்று அண்ணியைக் கேட்டார்.

அண்ணி என்னைப் பார்த்தாள். இத்தனை வலியிலும் அவள் கேட்டது இது. "ஸ்டெல்லா, உன் ஃப்ளைட்டு?"

"போனாப் போவுது அண்ணி."

சொல்லி முடிக்கவில்லை, அப்பாவின் கை வந்தது. மூட்டுவலி, முதுகுவலி, மாடி ஏற முடியாது என்று சொல்கிற கிழவரின் கை எவ்வளவு வேகம்! என் காது கிண்ணென்றது, கம்மல் தெறித்து எங்கோ விழுந்தது. "குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்திட்டியேடி" என்றார். மறுபடி ஓங்கினார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அண்ணாத்த ஒருவர் ஓடிவந்து அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். "யோவ் பெருசு, இன்னா பொம்பளப் புள்ளயப் போட்டு அடிக்கிறே?" என்று அவர் போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்.

அப்பா சுற்றிலும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அடித்ததை வெளியாள் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. இன்று அந்தக் கூடமே பார்த்தது. அவர் முகத்தில் தெரிந்தது வெட்கம் இல்லை அம்மா, பயம். சர்ச்சில் எழுந்து கும்பிட்டவரின் பயம். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வரும் என்று நினைத்திருந்தேன்.

இப்போதைய நிலவரம் இது. அண்ணி புகார் கொடுத்தாள். அண்ணனும் சொன்னபடியே என்மேல் கொடுத்தான். குமுதா அம்மா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு வந்து, பார்த்ததை எல்லாம் பார்த்தபடியே சொன்னார். அண்ணன் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறான். அண்ணி பக்கமே வரக் கூடாது என்று உத்தரவு. என்மேல் போட்ட கேஸ் நிற்காது, கொஞ்சம் இழுக்கும் என்று வக்கீல் அம்மா சொல்கிறார். அயர்லாந்துக்காரர்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். காத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு நானும் அண்ணியும் கட்டிக்கொண்டு அழுதோம்.

நானும் அவளும் பொத்தேரியில் காலேஜ் பசங்கள் தங்குகிற தெருவில் ஒரு அறை எடுத்திருக்கிறோம். ராத்திரியெல்லாம் பைக் சத்தம், பாட்டு, கூச்சல். அண்ணிக்கு அது பிடித்திருக்கிறது. கீழே ஒரு மெஸ்ஸில் கணக்கு எழுத ஆள் வேண்டுமென்று கேட்டார்கள். வலது கை நன்றாகத்தானே இருக்கிறது, போகிறேன் என்று போய்க்கொண்டிருக்கிறாள். போன வாரம் அறையில் கருவாடு வறுத்தாள். பக்கத்து அறைப் பையன்கள் தட்டோடு வந்து நின்றார்கள்.

இந்தக் கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தாள். "அத்தையத் திட்டாத ஸ்டெல்லா" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களுக்கு அவங்க செய்தது போதாதா என்று கத்தினேன்.

"என்கிட்ட ஒரு டாக்டர் கேட்டாங்க, எப்படி அடிபட்டுதுன்னு. நான் சொன்னேன். அத்தைகிட்ட யாராச்சும் கேட்டீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். உன் முதுகுக் காயத்தைப் பற்றிக் குழாயடியில் யாரும் கேட்கவில்லை. சர்ச்சில் கேட்கவில்லை. உனக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி வந்தபோதெல்லாம் பதில் சொன்னவர் அப்பா. கடைசித் தடவையும் அவரேதான்.

ஆகையால் அம்மா, என் சத்தியம் இது. நான் அயர்லாந்துக்குப் போவேன், கட்டாயம் போவேன். ஆனால் அதற்கு முன்னால் கேளம்பாக்கம் ஃப்ளாட்டுக்குப் போய் அப்பாவுக்கு எதிரே உட்காருவேன். அண்ணியும் வருகிறேன் என்கிறாள்; உள்ளே வராமல் படிக்கட்டில் நிற்பாளாம். வாசல் கதவைத் திறந்து வைப்பேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும். "அம்மாவை என்ன செய்தீர்கள்?" என்று கேட்பேன். வழுக்கி விழுந்தாள் என்று அவர் சொன்னால் மறுபடி கேட்பேன். அவர் வேறு ஒரு வாக்கியம் சொல்கிற வரைக்கும், உன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

உன்னைத் திட்டவும் உனக்காகச் சண்டை போடவும் உரிமையுள்ள ஒரே மகள்,
ஸ்டெல்லா

உங்கள் மருமகள், படிக்கட்டில் நிற்கப்போகிறவள்,
ரேவதி